ஒற்றிக் காணியும் 5 லட்சமும்: பொருளியலையும் சட்டத்தையும் சேர்த்துப் படிக்கலாமா?

உயர்தரத்தில் வணிகப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "அக்கா, எனக்குப் பொருளியல் நன்றாக வரும். சட்டம் படிக்கவும் ஆசை. சிட்னியில் இருக்கும் மாமா, அங்கே இரண்டையும் சேர்த்து 5 வருடத்தில் இரட்டைப் பட்டம் எடுக்கலாம் என்கிறார். அப்பா, சட்டம் மட்டும் படித்தால் காணும் என்கிறார். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே இரண்டையும் படிக்க வழி இருக்கிறதா? படித்தால் உண்மையில் பயன் இருக்கிறதா?"

நான் கம்பஸில் பொருளியல் படித்து, பிறகு திறந்த பல்கலைக்கழகத்தில் எல்.எல்.பி. என்ற சட்டப் பட்டம் முடித்து, கொழும்பு புதுக்கடையில் சட்டக் கல்லூரிப் பரீட்சை எழுதி, இப்போது யாழ்ப்பாணத்தில் வழக்குப் பேசுகிறேன். நேர்வழியில் போகவில்லை, ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்றிப் போனேன். அதனால் எந்த ஒழுங்கை எங்கே முட்டி நிற்கும் என்று ஓரளவு சொல்லலாம்.

நேரடிப் பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். பொருளியலும் சட்டமும் இணைந்த ஒரே பட்டம் என்று நமது அரச பல்கலைக்கழகங்களில் எதுவும் இல்லை. திருநெல்வேலியில், அதாவது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில், பொருளியல்துறை இருக்கிறது, சட்டத்துறையும் இருக்கிறது. இரண்டும் கலைப்பீடத்துக்குள் தொடங்கியவைதான். ஆனால் ஒரு மாணவி இரண்டிலும் ஒரேநேரத்தில் பட்டத்துக்குப் பதிய முடியாது. பேராதனையிலும் கொழும்பிலும் இதே நிலைமைதான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேறு வழியால் சேர்க்க வேண்டும். அந்த வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முதல், இந்தச் சேர்க்கை எதற்கு என்பதைப் பார்ப்போம். அது விளங்காமல் 5 வருடமோ 8 வருடமோ செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கோண்டாவில் பக்கமிருந்து ஓர் ஐயா வந்தார். கையில் பொலித்தீன் பை, அதற்குள் நாலாய் மடித்த ஒற்றி உறுதி. 2017இல் தன் ஓய்வூதியப் பணத்தில் 5 லட்சம் கொடுத்து மூன்று பரப்புத் தோட்டக் காணியை ஒற்றிக்கு எடுத்திருக்கிறார். ஒற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். காசு கொடுத்தவருக்கு வட்டி கிடையாது, காணியின் விளைச்சல்தான் வட்டி. காசு திரும்பும் நாளில் காணியும் திரும்பும். 2023இல் காணிக்காரர், கனடாவிலுள்ள மகன் அனுப்பிய காசோடு வந்து, "இந்தாங்கோ 5 லட்சம், காணியை விடுங்கோ" என்று கேட்டிருக்கிறார். ஐயா என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "பிள்ளை, அவர் தாறது 5 லட்சம்தான். ஆனா நான் குடுத்த 5 லட்சம் இல்லை அது."

சட்டத்தரணியாக நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உறுதியில் 5 லட்சம் என்று எழுதியிருக்கிறது, 5 லட்சம் தந்தால் மீட்புச் சரி. சட்டத்துக்கு 2017இன் ரூபாவும் 2023இன் ரூபாவும் ஒரே ரூபாதான். வழக்குப் போட்டால் வெல்ல முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் பொருளியல் படித்தவளுக்கு ஐயா சொன்னது முழுக்க விளங்கும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதம். அதே வருடம் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபா அளவிலிருந்து 360 வரை ஏறியது. டொலரில் உழைக்கும் மகனுக்கு அந்த 5 லட்சம் மலிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஓய்வூதியத்தில் இருக்கும் ஐயாவுக்கு அதே 5 லட்சம் சுருங்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரு பிழையும் செய்யவில்லை. நட்டம் ஒருவருக்கு, லாபம் மற்றவருக்கு.

இதோடு நின்றால் பொருளியல் வெறும் அனுதாபமாகத்தான் இருக்கும். இன்னொரு படி போகவேண்டும். ஐயா 6 வருடம் அந்தக் காணியில் வெங்காயம் செய்தார். வெங்காய விலை ஏறியபோது அந்த ஏற்றம் அவருக்குத்தான் வந்தது. அதாவது ஒற்றியில் வட்டிப் பக்கம் விலைவாசியோடு சேர்ந்து ஏறுகிறது, முதல் மட்டும் அசையாமல் நிற்கிறது. இதைச் சொன்னேன். ஐயா சிரித்துவிட்டு, "உரமே இல்லாத வருசத்தில வெங்காயம் வந்த வரத்து உங்களுக்குத் தெரியாது" என்றார். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்த கதை. என் கணக்கில் அது இருக்கவில்லை.

சரி, இரண்டும் படித்தவர் இந்த இடத்தில் என்ன செய்யலாம்? ஐயாவின் வழக்குக்கு ஒன்றுமில்லை. அடுத்த ஒற்றி உறுதியை எழுதும்போதுதான் வேலை. மீட்புத் தொகையைத் தங்கப் பவுண் விலையோடு கட்டலாமா? நம் ஊரில் பெரியவர்கள் கைமாற்றைப் பவுண் கணக்கில் கொடுத்து வாங்கியதற்குக் காரணம் இதுதான். வருடத்துக்கு இவ்வளவு கூடும் என்று எழுதலாமா? அப்படி எழுதினால் நீதிமன்றம் அதை ஒற்றியாகப் பார்க்குமா, வட்டிக் கடனாகப் பார்க்குமா என்று சட்டத்தரணி கேட்க வேண்டும். இப்படியான நிபந்தனை வழக்கமாகிவிட்டால் யார் காணியை ஒற்றிக்குக் கொடுக்க முன்வருவார்கள் என்று பொருளியலாளர் கேட்க வேண்டும். இரண்டு கேள்வியும் ஒரே மண்டைக்குள் ஒரேநேரத்தில் எழுந்தால் அதுதான் நீங்கள் கேட்கும் இணைப் படிப்பு. கையில் இரண்டு சான்றிதழ் இருந்தும் இந்தக் கேள்விகள் எழாத ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வழக்கு எப்போதும் நடந்து முடிந்ததைப் பற்றியது. யார் பிழை, யார் கட்டவேண்டும். பொருளியல், தீர்ப்பு வெளியான மறுநாளைப் பார்க்கிறது. இதைக் கேள்விப்பட்ட அடுத்த ஆள் எப்படி நடப்பான்? யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமையை எழுதிய காலத்திலேயே இந்த இரண்டாவது கேள்வி இருந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஒல்லாந்தர் காலத்தில், 1706-07இல், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி எழுதினார். ஆங்கிலேயர் 1806இன் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அதில் ஒற்றிக் காணியை நினைத்த நேரத்தில் மீட்க விடுவதில்லை, பயிரின் பருவத்தைப் பார்த்துத்தான் மீட்கவேண்டும். ஏன்? விதைத்தவன் அறுக்கமுதல் காணி பறிபோகலாம் என்றால் அவன் விதைக்கவே மாட்டான். பொருளியல் மாணவர்கள் ஊக்கம் என்று வரைபடம் கீறிப் படிப்பதை, நம் ஊர் ஒரு விதியாக வைத்திருந்தது.

எல்லாம் இப்படி இனிமையாக இல்லை. 1911இன் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. கணவர் காணாமல் போயிருந்தால், கைவிட்டிருந்தால், மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக ஒரு கட்டளை எடுக்கலாம். சட்டப் புத்தகத்தில் இது ஒரு வரி, ஒரு பரிகாரம், விசயம் முடிந்தது. யுத்தத்துக்குப் பிறகு கணவர் எங்கே என்று தெரியாமல் தையல் கடை போட நினைக்கும் ஒரு பெண்ணின் பக்கமிருந்து பாருங்கள். சட்டத்தரணி கட்டணம், தவணை தவணையாக அலைச்சல், அந்த நாட்களில் கடை பூட்டு. வங்கி கேட்கும் பிணை அவர் காலடியில் இருக்கிறது, ஆனால் அதைப் பாவிக்க முடியாது. பொருளியலில் இதைக் கொடுக்கல்வாங்கல் செலவு என்பார்கள். அந்தச் செலவு கடனைவிடப் பெரிதாகும்போது அவர் வங்கியை விட்டுவிட்டு, கையெழுத்து மட்டும் கேட்கும் நுண்கடன்காரரிடம் போவார்.

நுண்கடன் கதை வடக்கில் எல்லோருக்கும் தெரியும். 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் எடுத்த, ஒரு லட்சம் ரூபாவரையான நிலுவைக் கடன்களை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. உரிமம் பெற்ற நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு மத்திய வங்கி 35 சதவீத உச்சவரம்பு வைத்தது. இந்தச் செய்தியைச் சட்ட மாணவியும் பொருளியல் மாணவியும் எப்படி வாசிப்பார்கள் என்று யோசியுங்கள். உச்சவரம்பு யாரைக் கட்டுப்படுத்தும், பதிவில்லாத ஆள் வந்தால் யார் பிடிப்பது, கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் செல்லுமா என்பது சட்டக் கேள்வி. 35க்கு மேல் கொடுக்கக்கூடாது என்றால் ஆபத்துக் கூடிய ஆட்களுக்குக் கடன் கொடுப்பதையே நிறுவனம் நிறுத்தினால் அவர்கள் யாரிடம் போவார்கள் என்பது பொருளியல் கேள்வி. உச்சவரம்பே பிழை என்று நான் சொல்லவில்லை. அடாத்து வட்டி கேட்டவர்களை நீதிமன்ற வாசலில் பார்த்தவள் நான். ஆனால் வரம்பை மட்டும் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் காணியைப் பிணையாக வைக்கவிடாத 1911ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடாமல் விட்டால், பாதி வேலைதான் நடந்திருக்கிறது. இந்த இணைப்பைத் தனிச் சட்ட வகுப்பிலும் தனிப் பொருளியல் வகுப்பிலும் எனக்கு யாரும் காட்டவில்லை.

இந்தப் பார்வைக்கு உலகத்தில் ஒரு பெயரும் வரலாறும் உண்டு. 1960இல் ரொனால்ட் கோஸ் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து இதைத் தொடங்குவது வழக்கம். அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று 1879இன் இலண்டன் வழக்கு. ஒரு மிட்டாய்க்காரர் உரலில் இடிக்கிறார், பக்கத்து வீட்டு வைத்தியருக்கு நோயாளியைப் பார்க்க முடியவில்லை. நம் ஊருக்கு மாற்றினால் மிளகாய்த்தூள் மில்லும் பக்கத்து ரியூட்டரியும். கோஸ் சொன்னது, பேரம்பேசச் செலவே இல்லை என்றால் உரிமை யாருக்கு என்று நீதிமன்றம் சொன்னாலும், இருவரும் பேசி, எந்த வேலைக்குப் பெறுமதி கூடவோ அந்த வேலை நடக்கும். ஆனால் நிஜத்தில் பேரம்பேசச் செலவு இருக்கிறது, ஆகவே சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பது முக்கியமாகிறது. பலர் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்கிவிடுவார்கள். கோஸுக்கு 1991இல் பொருளியல் நோபல் கிடைத்தது. அவர் சட்டப் பட்டதாரி இல்லை, ஆனால் சிக்காகோ சட்டப் பள்ளியில் பேராசிரியராக இருந்தவர்.

பேரம்பேச முடியாத நிலைமைக்கு உதாரணம் தேடி இலண்டன் போகத் தேவையில்லை. சுன்னாகம் காணும். மின்நிலையச் சூழலில் கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, நூற்றுக்கணக்கான கிணற்றுக்காரர் ஒருபக்கம், நிறுவனம் மறுபக்கம். நமது நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊர்ந்து போவது. எந்தக் கிணற்று எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று ஒரு குடும்பம் தனியாக நிரூபிக்க முடியுமா? ஒருவருக்கு வரும் நட்டம் சிறிது, வழக்குச் செலவு பெரிது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவைக் கட்டவேண்டும் என்ற கொள்கையை வைத்து, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை முழுதாக வாசியுங்கள். வாசித்துவிட்டு, 2 கோடி என்ற தொகை அடுத்த நிறுவனத்தைக் கவனமாக நடக்க வைக்குமா, அல்லது அதையும் ஒரு செலவாகக் கணக்கில் எழுதிவிடுமா என்று உங்களையே கேளுங்கள். (இலங்கையில் உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் ஆக மேலுள்ள நீதிமன்றம். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் அதே சொல் மாநில நீதிமன்றத்தைக் குறிக்கும். இந்தியப் புத்தகங்களை வாசிக்கும்போது இதில் எத்தனையோ பேர் தடுக்கி விழுகிறார்கள்.)

இதைவிடப் பெரிய வழக்கு 2023 நவம்பர் 14இல் வந்தது. பொருளாதார நெருக்கடிக்குக் காரணமானவர்கள் என்று முன்னாள் ஜனாதிபதி, முன்னாள் நிதி அமைச்சர்கள், முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் உட்படப் பலர் மீது போடப்பட்ட அடிப்படை உரிமை மனுக்களில், அவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மையாகத் தீர்மானித்தது. 2019இன் வரிக்குறைப்பு, டொலர் விலையைச் செயற்கையாகப் பிடித்து வைத்தது, டொலர் கையிருப்பு வற்றிக்கொண்டிருக்கும்போது 2022 ஜனவரியில் 50 கோடி டொலர் கடன் முறியை (அரசின் கடன் பத்திரத்தை) கட்டியது எல்லாம் நீதியரசர்கள் முன் அலசப்பட்டன. நாணய மாற்று விகிதம் என்றால் என்ன என்று விளங்காத சட்டத்தரணிக்கு அந்த வழக்கில் என்ன வேலை? அதே நேரம், கொள்கை பிழைத்துப்போவது ஒன்று, சட்டத்தை மீறுவது வேறொன்று. அந்தக் கோடு எங்கே என்று தெரியாத பொருளியலாளருக்கும் அங்கே வேலை இல்லை. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்திய பிறகு, ஒரு கரீபியன் வங்கி நியூயோர்க்கில் இலங்கைமீது வழக்குப் போட்டதும் இந்த வகைதான். வழக்குக்கு வந்த கடன் முறியில் காற்பங்குக்கு மேல் கையில் வைத்திருந்தது அந்த வங்கி. மற்றக் கடன்காரர் எல்லோரும் சேர்ந்து மறுசீரமைப்புக்கு ஒத்துக்கொண்டாலும், ஒரே ஆள் மறித்து நிற்க அந்த முறியின் நிபந்தனை இடம்கொடுத்தது. ஒப்பந்தத்தில் ஒரு வாசகம், நாட்டுக்கு எத்தனை கோடி.

பயன் இருக்கிறதா என்ற கேள்விக்கு இவ்வளவும் பதில். இனி வழி.

மாமா சொல்லும் அவுஸ்திரேலிய இரட்டைப் பட்டம் உண்மைதான், நல்லதும்தான். சிட்னிப் பல்கலைக்கழகத்திலும் அங்குள்ள வேறு பலவற்றிலும் பொருளியலும் சட்டமும் 5 வருடத்தில் முடிகிறது. தனித்தனியாக என்றால் பொருளியல் 3, சட்டம் 4, மொத்தம் 7. அந்த 2 வருடம் எப்படிக் குறைகிறது? பொருளியல் பட்டத்தில் விருப்பப் பாடங்களுக்கான இடத்தைச் சட்டப் பாடங்கள் நிரப்புகின்றன. ஆகவே குறைவது விருப்பப் பாடங்கள்தான். இரண்டு பாடமும் ஒரே வகுப்பில் சந்திக்கும் என்று நினைக்கவேண்டாம். காலையில் ஒரு கட்டடம், பின்னேரம் இன்னொரு கட்டடம். இரண்டையும் இணைப்பது அங்கேயும் மாணவியின் பாடுதான்.

இன்னொரு விசயம் மாமாவுக்குத் தெரிந்திருக்காது. அங்கே படிப்பது அவுஸ்திரேலியச் சட்டம். காணிக்கு அங்கே பதிவேட்டில் உள்ள பெயர்தான் உரித்து. இங்கே உறுதிக்கு மேல் உறுதி, தோம்பு என்ற பழைய காணிப் பதிவேடு, பாகப்பிரிவினை, அதற்குள் முதுசமும் (பரம்பரைச் சொத்து) தேடிய தேட்டமும் (மணவாழ்வில் தேடிய சொத்து). நமது பொதுச்சட்டம் ரோமன் டச்சு, அவர்களுடையது ஆங்கிலேயர் வழி. பட்டத்தோடு திரும்பி வந்து சட்டத்தரணியாக வேண்டுமென்றால் சட்டக் கல்லூரியை நடத்தும் சட்டக் கல்விப் பேரவை அந்தப் பட்டத்தை ஏற்கவேண்டும், இங்கத்தைப் பரீட்சைகள் எழுதவேண்டும். அங்கேயே தங்கப்போகிறீர்கள் என்றால் கதை வேறு. வெளிநாட்டு மாணவராகப் போனால் கட்டணம் முழுதாகக் கட்டவேண்டும். அதற்கு அப்பாவின் காணிதான் ஈடு என்றால், என் கருத்து வேண்டாம் என்பதே.

இந்தியாவின் 5 வருட பி.ஏ. எல்.எல்.பி. பலருக்குக் கண்ணில் படும். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி 1980களின் கடைசியில் தொடங்கிவைத்த மாதிரி அது. திருச்சியிலும் ஒரு தேசிய சட்டப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பெயரில் இரட்டைப் பட்டம்தான். ஆனால் அந்த பி.ஏ. பகுதிக்குள் வரலாறு, அரசியல், சமூகவியலோடு பொருளியலும் ஒரு பங்கு மட்டுமே. பொருளியலை ஆழமாகப் படிக்க ஆசைப்படும் உங்களுக்கு அது காணாது. இங்கிலாந்தில் சட்டத்தோடு பொருளியல் என்று 3 வருடப் பட்டங்கள் உண்டு. அதில் சட்டப் பகுதி தொழிலுக்குப் போதுமானதா என்பதைப் பாடவிதானத்தை வைத்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து என்றால் நான் சொல்வது: இசட் புள்ளி (உயர்தர முடிவிலிருந்து கணிக்கும் பல்கலைக்கழக அனுமதிப் புள்ளி) இடம்கொடுத்தால் முதலில் சட்டம். திருநெல்வேலியோ கொழும்போ பேராதனையோ, உள்வாரி எல்.எல்.பி. கிடைத்தால் விடாதீர்கள். அரச பல்கலைக்கழக எல்.எல்.பி. கையில் இருந்தால் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை இல்லை. அங்குள்ள இறுதிப் பரீட்சைகளும் ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ்ப் பயிற்சியும் முடித்து, உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் எடுத்தால் சட்டத்தரணி. (அப்பாவின் வயதுக்காரர் இன்னும் பிரக்கிராசி, அப்புக்காத்து என்று இரண்டு சாதியாகப் பிரித்துப் பேசுவார்கள். 1973இன் நீதி நிருவாகச் சட்டத்தோடு அந்தப் பிரிவினை போய்விட்டது. இப்போது எல்லோரும் சட்டத்தரணிகள்தான்.) பொருளியலைப் பட்டத்துக்குப் பிறகு முதுமாணியாகச் சேர்க்கலாம். சட்டமும் பொருளியலும் என்ற பெயரிலேயே ஐரோப்பாவில் சில பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1990இலிருந்து நடத்தும் ஒரு வருட முதுமாணிப் படிப்பு இருக்கிறது. அதற்குச் சட்டப் பட்டதாரிகளையும் எடுப்பார்கள், பொருளியல் பட்டதாரிகளையும் எடுப்பார்கள். புதுடில்லியில் சார்க் நாடுகளின் தென்னாசியப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முதுமாணி உண்டு.

புள்ளி சட்டத்துக்குக் காணாமல் கலைப்பீடத்துக்கோ முகாமைத்துவத்துக்கோ கிடைத்தால் என் வழி. பொருளியலைச் சிறப்புப் பாடமாக 4 வருடம் படியுங்கள். பிறகு திறந்த பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தெரிவுப் பரீட்சை எழுதுங்கள். அதன் யாழ்ப்பாண நிலையம் கொக்குவிலில்தான் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன். பகலில் ஒரு அலுவலகத்தில் வேலை, இரவில் ஒப்பந்தச் சட்டம். மின்சாரம் 10 மணித்தியாலத்துக்கு மேல் நின்ற 2022 மார்ச் நாட்களில் மெழுகுதிரியில் பாகப்பிரிவினைச் சட்டம் படித்ததைப் பெருமையாகச் சொல்லவில்லை. கண்தான் கெட்டது. நேரம் கூடப் போகும் என்பதை மட்டும் ஒளிக்காமல் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து சட்டத்தரணியாகும்வரை 10 வருடத்துக்கு மேல் போனது எனக்கு.

ஏன் சட்டம் முதலில், பொருளியல் பிறகு என்று கேட்பீர்கள். காரணம் ஒன்றே ஒன்று. சட்டத் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், பொருளியலுக்கு வேண்டாம். மாறித் தொடங்கினால் மூளைக்கு நல்லது, சட்டைப்பைக்கு நல்லதில்லை.

இரண்டு ஆயத்தம் இப்போதே தொடங்கலாம். முதலாவது கணிதம். உயர்தரப் பொருளியலில் வளைகோடு கீறினால் காணும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே வகையிடல் வரும், பிறகு புள்ளிவிபரமும், ஒன்று மாறும்போது மற்றது எவ்வளவு மாறுகிறது என்று கணிக்கும் பிற்செலவுப் பகுப்பாய்வும். வணிகப் பிரிவுக்காரர் இதில்தான் மூச்சுத் திணறுவார்கள், நானும் திணறினேன். கணிதப் பிரிவில் படித்த ஒரு சிநேகிதியைப் பிடித்து மூன்று மாதம் இருந்தால் தீரும். மற்றது ஆங்கிலம். 2020இன் கடைசியில் சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த ஒரு ஒழுங்குவிதி வந்து, 2023 மார்ச்சில் பாராளுமன்றத்தில் தோற்றது. நானும் அது தோற்றதில் சந்தோசப்பட்டவள்தான். ஆனால் பரீட்சை எந்த மொழியில் இருந்தாலும், சட்ட அறிக்கைகளும் உயர் நீதிமன்றத் தீர்ப்புகளும் ஆங்கிலத்தில்தான் கிடக்கின்றன.

வாசிக்கும் முறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தீர்ப்பை எடுத்து, என்ன நடந்தது, என்ன கேள்வி, என்ன முடிவு, என்ன காரணம் என்று நாலு வரி எழுதுங்கள். சட்ட மாணவர்கள் எல்லோரும் செய்வது. நான் ஐந்தாவது வரி ஒன்று சேர்ப்பேன்: நாளைக்கு இதே நிலைமையில் உள்ள ஆள் இனி என்ன செய்வான்? பழைய கொப்பிகளை இப்போது புரட்டினால், அந்த ஐந்தாவது வரியில் நான் எழுதியதில் பாதி பிழை. மற்றப் பாதிதான் இன்றைக்கு எனக்குச் சோறு போடுகிறது.

வேலை பற்றி அப்பா கேட்பார். யாழ்ப்பாணத்தில் புதிதாக வரும் சட்டத்தரணிக்கு முதல் இரண்டு மூன்று வருடம் சீனியரின் கோப்புத் தூக்குவதிலும் தவணை கேட்பதிலும் போகும். வருமானம் சொல்லிக்கொள்ளும்படி இராது. அந்த நேரத்தில் பொருளியல் நேரடியாக உதவாது. ஐந்தாவது வருடத்தில் உதவும். வங்கிக் கடன் வழக்கு, பரிசோதிக்கவேண்டிய கணக்கறிக்கை, நட்டஈட்டுக் கணக்கு, வரி மேன்முறையீடு என்று வரும்போது மற்றவர் கணக்காளரைத் தேடி ஓட, நீங்கள் இருந்த இடத்திலேயே வாசிப்பீர்கள். நீதிமன்றம் வேண்டாம் என்றால் மத்திய வங்கி, உண்ணாட்டு இறைவரித் திணைக்களம், வங்கிகளின் சட்டப் பிரிவு, கொழும்பிலுள்ள நிறுவனச் சட்ட அலுவலகங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை யாழ்ப்பாணத்துக்கு வெளியில் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் இதை இப்போதே கதைத்துவிடுங்கள்.

மாமாவுக்கு இந்த மூன்று கேள்வியையும் அனுப்புங்கள். அந்த 5 வருடத்துக்கும் மொத்தக் கட்டணம் எவ்வளவு, அதில் உதவிப்பணம் எவ்வளவு? இரண்டாம் வருடத்தில் சட்டம் பிடிக்கவில்லை என்றால் பொருளியல் பட்டத்தோடு மட்டும் வெளியே வர முடியுமா? இலங்கையில் சட்டக் கல்விப் பேரவை அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை ஏற்கிறது என்று எழுத்தில் காட்ட முடியுமா? மூன்றாவது கேள்வியை மாமாவிடம் மட்டும் விடாதீர்கள், பேரவைக்கு நீங்களே ஒரு கடிதம் போடுங்கள். பதில் வர நாள் எடுக்கும். முடிவு வந்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலும் வெளியாகும்போது விண்ணப்பிக்கத் தருவது சில கிழமைதான். ஆகவே கடிதத்தை இந்தக் கிழமையே போட்டுவிடுங்கள்.